பத்மினியின் அடிப்பக்கம்: பூசுவதற்கு முன்னால் தட்டிப் பாருங்கள்

கேள்வி: என் அப்பா 1979-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இப்போது என்னிடம் இருக்கிறது. செம்பூரில் எங்கள் சொசைட்டி வளாகத்தில், பாதாம் மரத்தடியில் நிற்கிறது. மாதம் இரண்டு முறை மாட்டுங்காவுக்குக் கோயில், கடை என்று போய்வருவேன், அவ்வளவுதான் ஓட்டம். 2005 வெள்ளத்தில் பாதிக் கதவு வரை தண்ணீரில் நின்ற வண்டி. மழைக்காலத்தில் ஓட்டுநர் பக்கக் கால்மிதி நனைந்துபோகிறது. அப்பா இருந்தவரை ஒவ்வொரு மே மாதமும் கழிவு ஆயிலில் டீசல் கலந்து, ஒரு பித்தளைக் கைப்பம்பால் அடியில் அடிப்பார். இப்போது ஒரு கடையில், "ஒரே நாளில் அடியைக் கழுவி ரப்பர் கோட்டிங் போட்டுத் தருகிறோம், ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார்கள். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கோ, "பழைய வண்டி, அடியில் தண்ணீரே படக்கூடாது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்:

இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், அம்மா. உங்கள் அப்பா செய்ததில் பாதி சரி; அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ரப்பர் கோட்டிங் மோசமான சரக்கு ஒன்றும் இல்லை. கழுவிய அன்றைக்கே, ஈரம் காயாமல், அடியில் என்ன நிலைமை என்று பார்க்காமல், இத்தனை வருஷம் ஓடிய தகட்டின் மேல் அதை அடிப்பதுதான் தப்பு. சீழ் வைத்த புண்ணைக் கழுவாமல் மேலே பிளாஸ்திரி போட்டு மூடுவது மாதிரி அது.

இதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான். சயானில் கேரேஜ் தொடங்கிய புதிது. ஒருத்தர் ஜூலை மாதத்தில் பத்மினியைக் கொண்டுவந்து, ஊருக்குப் போகிறேன், நாளைக்கே வேண்டும் என்று நின்றார். கழுவினேன், கம்ப்ரஸர் காற்றில் ஊதினேன், தொட்டுப் பார்த்தேன், கைக்கு ஈரம் தட்டவில்லை. கெட்டியாகக் கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தேன். புது டயர் மாதிரி மினுமினுத்தது. மூன்றாவது மழைக்காலத்தில் அதே வண்டி திரும்பி வந்தது. அடியில் ஒரு இடத்தில் பூச்சு தொப்பை மாதிரி தொங்கியது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு கீறு கீறினேன். துருத்தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. பூச்சைப் பிடித்து இழுத்தால் கூடவே உள்ளங்கை அகலத்துக்குத் தகடும் அப்பளம் மாதிரி பொடிந்துகொண்டு வந்தது. ஓட்டை வழியாக மேலே கார்ப்பெட்டின் சணல் தெரிந்தது. எனக்குத் தொழில் சொல்லித்தந்த உஸ்தாத் அன்றைக்குப் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தத் தரையை என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். பூச்சே இல்லாமல் இருந்திருந்தால் முதல் வருஷமே அந்தத் துரு யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

உங்கள் வண்டிக்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் அடியில் படுத்துப் பார்த்தால் கனமான இரும்புச் சட்டம் தெரியும், பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். குர்லாவில் செய்த உங்கள் வண்டியில் அப்படி இல்லை. தரைத் தகடு, கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி, குறுக்குப் பெட்டிகள் எல்லாம் வெல்டிங்கில் சேர்ந்ததுதான் முதுகெலும்பு. கதவுக்கடியில் ஓடும் அந்தப் பெட்டியை எங்கள் பட்டறையில் ஃபுட்போர்டு என்போம். அது உள்ளுக்குள் அரித்துவிட்டால் வண்டி நடுவில் தொய்யும். ஜாக் வைத்து ஒரு பக்கம் தூக்கும்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நிற்கும்போது சுலபமாக மூடிய கதவு, தூக்கியதும் இடிக்கிறது என்றால் பூச்சைப் பற்றிப் பேசும் கட்டம் தாண்டிவிட்டது, நேராக டிங்கரிங்குக்குப் போக வேண்டும்.

செம்பூர் என்பதால் இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரு பக்கம் தாணே கடற்கழி, மாஹுல் சேற்று நிலம் – பூநாரை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போவோமே, அந்த இடம்தான். இன்னொரு பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும். கழிக் காற்றில் உப்பு, ஆலைப் புகையில் கந்தகம். இரண்டும் துருவுக்குத் தீனி. மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். மும்பை மழை மாதங்களில் பெரும்பாலான நாள் அதற்கு மேல்தான். ஆகவே சொட்டு மழை படாமல் மூடி நிறுத்திய வண்டியின் அடியிலும், உப்புத் தூசி படிந்த தகடு நாலு மாதம் நனைந்துகொண்டேதான் இருக்கும். "தண்ணீரே படக்கூடாது" என்ற உங்கள் மெக்கானிக்கின் வாதம் இங்கேதான் அடிபடுகிறது. நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் அந்த உப்பு போக வேறு வழி இல்லை.

சரி, கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கால்மிதி நனைகிறது என்று. என்னைக் கேட்டால் கடிதத்தின் தலைப்புச் செய்தியே அதுதான். பழைய வண்டிகளின் தரை கீழிருந்து அரிப்பதைவிட மேலிருந்து அரிப்பதுதான் அதிகம். கீழே படும் தண்ணீர் சொட்டிப் போய்விடும், காற்றில் காயும். உள்ளே இறங்கிய தண்ணீருக்குப் போக வழியில்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் சத்தத்தை அடக்க ஒட்டிய தார் ஷீட்டும், அதன் மேல் சணல் ஃபெல்ட்டும் இருக்கும். அந்த ஃபெல்ட் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தீபாவளி வரை ஈரமாகவே கிடக்கும். மேலே கார்ப்பெட் காய்ந்த மாதிரித் தெரியும், நீங்களும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவீர்கள். அடியில் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சு போட்டாலும் இந்த ஒழுகலை நிறுத்தாமல் போட்டால் காசு தண்டம்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. கார்ப்பெட்டையும் ஃபெல்ட்டையும் முழுக்க எடுத்துவிடுங்கள். ஃபெல்ட்டைத் திரும்பப் போட நினைக்காதீர்கள், குப்பைக்குப் போகட்டும். வீட்டில் யாராவது ஒருவர் டார்ச்சோடு உள்ளே குனிந்து உட்காரட்டும். நீங்கள் வெளியிலிருந்து ரப்பர்க் குழாயில் தண்ணீரை மெதுவாக விடுங்கள். முதலில் சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்குள், அப்புறம் கதவின் கீழ்ப்பகுதி, அப்புறம் பானெட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவில், கடைசியாகக் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங். கீழிருந்து மேலே போவது முக்கியம். எடுத்த எடுப்பில் மேலே ஊற்றினால் எல்லாப் பக்கமும் வழிந்து, எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: இறுகிப்போன பீடிங், வைப்பர் தண்டின் அடி ரப்பர், வயரும் கேபிளும் உள்ளே நுழையும் துளைகளில் உதிர்ந்துபோன குரோமெட் என்னும் ரப்பர் வளையம். உங்களுக்கு நாலாவதாகப் பாதாம் இலையும் இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே அந்த இலை மக்கிப்போய் வடிகாலை அடைத்தால் தண்ணீர் உள்பக்கம்தான் தேங்கும். இவற்றுக்கு ஆகும் செலவு, அந்தக் கடைக்காரர் கேட்கும் தொகையில் ஒரு மூலைக்குக்கூட வராது.

கார்ப்பெட் வெளியே போன கையோடு சோதனையைச் செய்துவிடலாம். வண்டியை ஏற்றி நிறுத்துவதில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். வண்டியோடு வந்த ஜாக் டயர் மாற்றத்தான். அதை நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. செங்கல் வேண்டவே வேண்டாம், பாரத்தில் அது சொல்லாமல் கொள்ளாமல் பிளந்துவிடும். பள்ளம் உள்ள கேரேஜுக்கோ லிஃப்ட் உள்ள சர்வீஸ் ஸ்டேஷனுக்கோ எடுத்துப் போய் ஒரு மணி நேரத்துக்கு இடத்தைக் கேட்டு வாங்குங்கள். நீங்களும் கூடவே இருந்து பாருங்கள்.

ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பி போதும். சுத்தியலால் இரண்டு விரல் இடைவெளியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு 'டண்' என்று பேசும். அழுகிய இடமோ, புட்டி வைத்து ஒட்டுப்போட்ட இடமோ 'டொப்' என்று அமுங்கிய குரலில் சொல்லும். டொப் வந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், பாவமே பார்க்காதீர்கள். அந்த ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான். ஜாக் வைக்கும் இடங்கள், பின் ஸ்பிரிங் பட்டைகள் பாடியில் மாட்டும் முனைகள், முன் சக்கர மட்கார்டின் பின்மூலை, டிக்கியின் தரை – இந்த நாலையும் இரண்டு தடவை பாருங்கள்.

ஸ்போக் கம்பி எதற்கு என்றால், ஃபுட்போர்டு பெட்டியின் அடியிலும் கதவுகளின் அடி விளிம்பிலும் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். பாதி வண்டிகளில் அவை பழைய பூச்சாலும் சேற்றாலும் அடைபட்டுக் கிடக்கும். கம்பியை மெதுவாக விட்டுச் சுழற்றுங்கள். 2005 வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பலதில் நான் இதைச் செய்திருக்கிறேன். ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தது. சாக்கடையும் மித்தி ஆற்றுச் சேறும் கலந்த அந்தத் தண்ணீர் வடிந்தபோது பெட்டிக்குள் போன வண்டல் வெளியே வரவில்லை. கம்பி உள்ளே போனதும் முதலில் சாம்பல் நிறத்தில் பொடி உதிரும், அப்புறம் அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் வடியும், கூடவே ஒரு நாற்றம் வரும், ஊறப்போட்டு மறந்த பழைய துணி மாதிரி. மாதக்கணக்கில் மழையே இல்லாத மார்ச் மாதத்தில்கூட அந்தத் தண்ணீர் வடிந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் துளை வழியாக நல்ல தண்ணீரை விட்டு, தெளிவாக வடியும்வரை அலசித்தான் ஆக வேண்டும்.

கழுவுவதற்கு வருகிறேன். எந்தத் தண்ணீர் என்பது முதல் கேள்வி. பல சொசைட்டிகளில் கார் கழுவ போர் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோதான் கொடுப்பார்கள். கடல் பக்கத்துப் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் அடியைக் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பை வைப்பது. கண்ணாடியில் நாலு சொட்டு விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளையாகத் திட்டு விழுந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். மாநகராட்சித் தண்ணீர் தான்சா, வைதரணா, பாட்சா ஏரிகளிலிருந்து வருவது, அது நல்லது. குடிக்கிற தண்ணீரில் காரா என்று செயலாளர் முறைப்பார், முறைக்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறைதானே.

அழுத்தக் குழாயைத் தகட்டுக்கு ஒரு முழ தூரத்திலிருந்து, அகல வீச்சில் பிடிக்கச் சொல்லுங்கள். பையன்கள் அதைப் பிரேக் ஹோஸ் மீதும், ரப்பர் உறை மீதும், வயர் இணைப்புகள் மீதும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடிப்பார்கள். அங்கேதான் பழைய வண்டி கெடுகிறது. ஒருவேளை உங்கள் மெக்கானிக் அப்படிக் கெட்ட வண்டிகளைப் பார்த்துத்தான் தண்ணீரே வேண்டாம் என்றாரோ என்னவோ. கழுவிய பின், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டு முதல் எங்கெல்லாம் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதோ அங்கெல்லாம் புது கிரீஸ் ஏற்றுவது கட்டாயம். வீட்டிலேயே செய்வதானால் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் சுழல் குழாய் ஒன்றை வண்டிக்கு அடியில் வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். உப்பைக் கரைக்க அது போதும், அடியில் யாரும் படுக்கவும் வேண்டாம். பிரேக் டிரம் பக்கம் இருக்கும் தூசியைக் காற்றால் ஊதவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கில் கல்நார் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதுதான் முறை.

உங்கள் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது, மழை விடப்போகிறது. கழுவுவதை அக்டோபரில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் திட்டித் தீர்க்கும் அந்த அக்டோபர் வெயிலைவிட நல்ல டிரையர் எந்தக் கடையிலும் இல்லை. கழுவியதும் இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள், அப்புறம் கதவுகளையும் டிக்கியையும் திறந்துபோட்டு நாலைந்து நாள் வெயிலில் விடுங்கள். பெயிண்ட் வேலையை நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடிப்பது. பெரிய பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பெயிண்ட் அடிப்பவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: இரும்பின் சூடு, காற்று பனிக்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஜூலை மாத மும்பையில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது குதிரைக் கொம்பு. நான் சொன்ன அந்தப் பழைய கதையில் நான் கோட்டை விட்டது இதைத்தான்.

பழைய கறுப்புப் பூச்சு எங்கே கெட்டியாக ஒட்டியிருக்கிறதோ, தட்டினால் டண் என்கிறதோ, அங்கே கை வைக்க வேண்டாம். எங்கே விரிசலும் உப்பலும் இருக்கிறதோ அங்கே நல்ல தகடு தெரியும்வரை சுரண்ட வேண்டும். தார்ப்பூச்சு வயசானால் இறுகி வெடிக்கும். முடி அகல வெடிப்பு வழியாகப் போன தண்ணீர் வெளியே வராது. துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை அதிக இடம் கேட்கும், அதனால்தான் பூச்சு உப்புகிறது, இரண்டு தகடு சேரும் மடிப்புகள் வாய் பிளக்கின்றன. பழைய பூச்சுகளிலும் கல்நார் கலந்த காலம் ஒன்று இருந்தது. ஆகவே உலர்வாகக் கிரைண்டர் போட்டுத் தூசி பறக்கவிடாமல், தண்ணீர் தெளித்து, ஹீட் கன்னால் இளக்கி, சுரண்டியால் எடுக்கச் சொல்லுங்கள். கைக்குட்டையை மூக்கில் கட்டுவது மாஸ்க் ஆகாது. பெட்ரோல் டேங்கும் பைப்பும் இருக்கும் பக்கம் சூடே காட்டக்கூடாது, அங்கே கைச் சுரண்டல் மட்டும்.

அடுத்தது மருந்து. துருவை மாற்றும் திரவம் என்று பாட்டிலில் விற்பது பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த சரக்கு. மெல்லிசாக ஒட்டியிருக்கும் துருவை அது மாற்றி நிறுத்தும், கறுப்பாகவோ சாம்பலாகவோ ஆகும். அடை அடையாக உரியும் துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் நிறம் மாறும், அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், அதற்கப்புறம்தான் மருந்து. பளிச்சென்று இரும்பு தெரிந்த இடத்தை இந்த ஊரில் ஒரு ராத்திரி சும்மா விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். காலையில் சுரண்டியதற்குச் சாயங்காலத்துக்குள் பிரைமர் விழ வேண்டும். பாதி பாதியாகச் செய்தாலும் பரவாயில்லை.

பிரைமர் என்றதும் நம் பட்டறைகளில் கை தானாக ரெட் ஆக்சைடு டப்பாவுக்குப் போகும். ஜன்னல் கம்பிக்கு அது போதும். அடிப்பக்கத்துக்கு இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எப்பாக்ஸி பிரைமர் கேளுங்கள், தண்ணீரை அது உள்ளே விடாது. துத்தநாகப் பிரைமர் நல்லதா என்று கேட்பீர்கள். துத்தநாகம் இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். பழைய பெயிண்ட் மீதோ துரு மீதோ அடித்தால் அது வெறும் சாம்பல் நிற பெயிண்ட். எப்பாக்ஸி காய்ந்ததும் தகடுகள் சேரும் ஒவ்வொரு மடிப்பிலும், இடுக்கை அடைக்கும் சீம் சீலர் பசை. இத்தனையும் முடிந்த பிறகு அந்தக் கடைக்காரரின் ரப்பர் கோட்டிங் தாராளமாக வரலாம், சக்கரம் கல் எறியும் மட்கார்டு உள்பக்கமும் தரையின் முன்பாதியும் அதற்குச் சரியான இடம். மெல்லிசாக இரண்டு கை அடித்தால் போதும்.

அடிக்கக்கூடாத இடங்களைக் காகிதமும் டேப்பும் போட்டு மூடச் சொல்லி, மூடியதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு ஸ்ப்ரே கன்னை எடுக்கவிடுங்கள். சைலன்சர் குழாய், பிரேக் டிரம், ரப்பர் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், பின் ஆக்ஸிலின் மூச்சுத் துளை, கிரீஸ் நிப்பிள், வடிகால் துளை, எண் பொறித்த இடம் – இவை எதிலும் ஒரு துளி படக்கூடாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் கட்டியாகப் பட்டால் வேகத்தில் வண்டி நடுங்கும். எதனால் என்று யாருக்கும் பிடிபடாது, கிளட்ச்சைக்கூட மாற்றிவிடுவார்கள்.

ஓட்டை இருந்தால் ஃபைபர் துணியும் புட்டியும் வேண்டாம். அழுகியதை நல்ல தகடு வரை வெட்டி எடுத்து, சுமார் 0.9 மி.மீ. கனமுள்ள 20 கேஜ் சி.ஆர். இரும்பு ஷீட்டை சி.ஓ.2 வெல்டிங்கில் சேர்க்க வேண்டும். கேஸ் தீயில் செய்யும் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டைச் சுருக்கிக் கோணலாக்கும். துருவே பிடிக்காது என்று கால்வனைஸ்டு தகட்டைக் கொண்டுவருவார்கள், அதை வெல்டு செய்தால் துத்தநாகப் புகையில் டிங்கருக்கு ராத்திரி குளிர் ஜுரம் வரும். ஃபுட்போர்டை வெட்டுவதாக இருந்தால் வண்டி நாலு பக்கமும் மட்டமாகத் தாங்கி நிற்க வேண்டும். அப்படித் தாங்காமல் வெட்டினால் கதவு இடைவெளி கோணிய நிலையிலேயே இறுகிவிடும். குர்லா சி.எஸ்.டி. சாலைப் பக்கம் தேடினால் பழைய பாகங்கள் கிடைக்கலாம், ஆனால் முன்னைப் போல இல்லை. 2023 அக்டோபரோடு கடைசிப் பத்மினி டாக்சியும் ஓட்டத்தை விட்டதிலிருந்து சரக்கு வரத்து சுண்டிவிட்டது.

வெல்டிங், பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகே மெழுகு. வரிசை மாறினால் வெல்டிங் பொறியில் மெழுகு பற்றிக்கொள்ளும். பெட்டிகளுக்குள் அடிக்கும் இந்த மெழுகை என் வண்டியில் ரப்பர் கோட்டிங்கைவிட முதலில் செய்வேன். பெட்டியின் உள்பக்கத்துக்கு பிரஷ் போகாது, கண்ணும் போகாது. நீளக் குழாய் முனையில் நாலு பக்கமும் சீறும் நாசில் ஒன்றை வடிகால் துளை வழியாகக் கடைசி வரை விட்டு, அடித்துக்கொண்டே மெல்ல வெளியே இழுக்க வேண்டும். மடிப்புகளில் அது ஊர்ந்து போய் உட்காரும். இரண்டு மணி நேரம் கழித்து ஸ்போக் கம்பியை மறுபடி எடுத்து எல்லாத் துளையையும் திறந்துவிடுங்கள். ஒரு வாரம் கீழே சொட்டும், அட்டை விரித்து வையுங்கள். ஒன்றுவிட்டு ஒரு வருஷம் மறுபடி அடித்தால் நல்லது. ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று யார் சொன்னாலும், இந்த ஊரில் வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு முறை டார்ச்சோடு பார்க்கத்தான் வேண்டும்.

அடியில் போகும்போதே இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடலாம். பிரேக் பைப் இரும்பு. மேலே துரு சொரசொரத்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், பிரேக் ஆயிலையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் பெட்ரோல் ஹோஸ் அதைத் தாங்காது, எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றச் சொல்லுங்கள். சைலன்சர் அரிப்பது பெரும்பாலும் உள்ளிருந்து. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, ஆவியாக. செம்பூரிலிருந்து மாட்டுங்கா போவதற்குள் சைலன்சர் முழுக்கச் சூடேறாது, அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். இரண்டு சின்ன ஓட்டத்துக்குப் பதிலாக மாதம் ஒரு முறை வாஷி பாலம் தாண்டி நன்றாக ஓட்டிவிட்டு வாருங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மரத்தடி மண் தரையிலிருந்து சிமெண்ட் தரைக்கு இடம் கேட்டுப் பாருங்கள். செயலாளரிடம் ஏற்கெனவே தண்ணீருக்குப் பேச வேண்டியிருக்கிறது, ஒரேயடியாகக் கேட்டுவிடலாம்.

இனி உங்கள் அப்பாவின் கழிவு ஆயில். அந்தக் காலத்தில் சர்வீஸ் ஸ்டேஷன்களிலும் அதைத்தான் செய்தார்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீரைத் தள்ளும், மடிப்புக்குள் ஊர்ந்து போகும், காய்ந்து வெடிக்காது. வருஷா வருஷம் விடாமல் அடித்தார் பாருங்கள், வண்டி இன்னும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சுத்தியல் டண் என்று சொல்லும் இடமெல்லாம் அவர் கணக்கில்தான் வரும். ஆனால் கழிவு ஆயிலில் அமிலமும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் உண்டு, தோலில் படக்கூடாது, மூச்சில் போகக்கூடாது. டீசல் ரப்பர் புஷ்களை உப்பவைக்கும். பிரேக்கில் பட்டால் கேட்கவே வேண்டாம். அந்தக் கலவைக்குப் பதிலாக லானோலின் கலந்த ஸ்ப்ரே திரவம் வாங்குங்கள். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு அது, ஒட்டிக்கொண்டே இருக்கும், காயாது. ரப்பருக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை டப்பாவில் பார்த்து வாங்கி, மே மாதக் கடைசியில், மழைக்கு முன் ஒரு கை.

அதை அடிக்க அவருடைய பித்தளைப் பம்பே போதும். மண்ணெண்ணெயில் இரண்டு முறை கழுவி, நாசிலைக் கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். இத்தனை நாள் சும்மா கிடந்ததில் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும், இழுத்தால் காற்றுதான் வரும். வாஷரைத் தனியாக எடுத்து ஒரு ராத்திரி நல்லெண்ணெயில் ஊறப்போடுங்கள், காலையில் பிடித்துக்கொள்ளும்.